பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துச் சந்தா கட்டாதீர்கள்: கறுப்பினத்தவருக்கான டேட்டிங் தளங்கள் பற்றி ஓர் ஆலோசகர்

அட்லாண்டாவில் குடும்ப ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். விவாகரத்து முடிந்து மூச்சு விட்டவர்கள், நல்ல வேலையில் இருந்தும் துணை அமையாதவர்கள், மனைவியைப் பறிகொடுத்த பெரியவர்கள் என்று பலரும் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடும்: எல்லோரும் இருக்கும் செயலியிலேயே இருப்பதா, கறுப்பினத்தவருக்கென்றே நடக்கும் தளத்துக்குப் போவதா?

சாதிக்கொரு மேட்ரிமோனி தளம் பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றலாம். இங்கே காரணம் வேறு. 2009இல் ஓகேகியூபிட் என்ற பொதுவான டேட்டிங் தளம் தன் உறுப்பினர்களின் செய்திப் பரிமாற்றத்தை அலசி ஒரு பதிவு போட்டது. தமக்கு வரும் செய்திகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பதில் எழுதுகிறவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்களாக எழுதினால் வரும் பதிலோ எல்லோரையும்விடக் குறைவு. 2014இல் மறுபடி கணக்குப் பார்த்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இந்தப் புள்ளிவிவரத்தைக் கேள்விப்படாமலே அதை அனுபவித்தவர்கள்தான் என் எதிரே உட்காருகிறார்கள். எழுதியதற்குப் பதில் வராது. வந்தாலும் உடல் நிறத்தைச் சாக்லேட்டோடு ஒப்பிட்டுத் தொடங்கும். மாதக்கணக்கில் இதைச் சந்திக்கிறவருக்குக் கோளாறு தன்னிடம்தானோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

எனவே தனித் தளம் தேடுவதை நான் தடுப்பதில்லை. நிறத்தைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிராத ஓர் இடத்தில் பேசத் தொடங்குவது பெரிய ஆறுதல். எனக்கு இருக்கும் கவலை அந்த ஆறுதலைப் பற்றியதுதான். "இங்கே எல்லாரும் நம்மவர்கள்" என்ற நினைப்பு வந்ததும், மற்ற இடத்தில் இயல்பாகக் கேட்கும் கேள்விகளை விட்டுவிடுகிறார்கள்.

முதல் கேள்வி, கடை யாருடையது என்பது. பிளாக்பீப்பிள்மீட் 2002 முதல் இருக்கிறது; பிஎல்கே செயலி 2017இல் வந்தது. இரண்டும் டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட் ஆகியவற்றை வைத்திருக்கும் அதே மேட்ச் குரூப்பின் கிளைகள். கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனத்துக்குத்தான் தன் பணம் போகிறது என்று நம்பிச் சந்தா கட்டியவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய நிறுவனம் என்பதே குற்றமில்லை, புகார் கொடுக்க ஓர் இடமாவது இருக்கும். ஆனால் உரிமையாளர் யார் என்பது உங்களுக்கு முக்கியமென்றால், விதிமுறைப் பக்கத்தில் இருக்கும் நிறுவனப் பெயரைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சின்னத் தளங்களில் வேறொரு சூட்சுமம். ஒரே உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, பெயரையும் வண்ணத்தையும் மாற்றிப் பல தளங்களாக விற்கும் தொழில் ஒன்று இருக்கிறது. ஒன்றில் பதிந்தால் உங்கள் படம் நீங்கள் கேள்வியே படாத இன்னொரு தளத்திலும் தெரியும். 'கூட்டுத் தளங்களோடு புரொஃபைல் பகிரப்படும்' என்ற மாதிரி ஒரு வரி விதிமுறையில் கிடக்கும். அதைக் கண்டால் வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து, ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அட்லாண்டா, ஹூஸ்டன், வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாவட்டங்கள் போன்ற இடங்களில் எந்தத் தளமும் நிறைந்துதான் இருக்கும். கறுப்பினத்தவர் அரிதாக இருக்கும் மொன்டானாவிலோ ஐடஹோவிலோ இருப்பவருக்கு முதல் நாள் மாலையிலேயே பட்டியல் தீர்ந்துவிடும். இலவசக் கணக்கில் 25 மைல் சுற்றளவு போட்டு, அண்மையில் தளத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மொத்த உறுப்பினர் எண்ணிக்கை உங்களுக்கு எதற்கும் உதவாது.

'கறுப்பினம்' என்ற சொல்லுக்குள் எத்தனை உலகங்கள் என்பதும் பலருக்குத் தாமதமாகவே உறைக்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் பத்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். ஜார்ஜியாவில் பாட்டன் காலத்திலிருந்து வேரூன்றிய பாப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பமும், நைஜீரியாவின் இக்போ மொழி பேசும் வீட்டில் வளர்ந்த மருத்துவரும், ஹெய்தியிலிருந்து வந்தவரும் ஒரே பட்டியலில் வருவார்கள். மூன்றாவது சந்திப்பில், "எங்கள் வீட்டில் நைஜீரிய மருமகள்தான் எதிர்பார்க்கிறார்கள்" என்று கேட்டு அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. ஊர், சபை, குழந்தைகள் பற்றிய எண்ணம் ஆகியவற்றை எழுத இடம் தரும் தளமா, படத்தைத் தள்ளிவிட்டுப் போகும் செயலியா என்று பாருங்கள். கல்யாண நோக்கம் உள்ளவர்களுக்கு முதல் வகைதான் என் சிபாரிசு.

இன்னாரை மட்டும் காட்டு என்று தேடலைச் சுருக்கும் வடிகட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் கொன்ற பின், 2020 ஜூனில், ஓரினச் சேர்க்கையாளர்களுக்கான கிரைண்டர் டேட்டிங் செயலி இன வடிகட்டியை எடுப்பதாக அறிவித்தது. நம் ஷாதி.காம் தோல் நிற வடிகட்டியை நீக்கியதும் அதே மாதம்தான். ஷாதி செய்தது சரியென்பதில் எனக்கு ஐயமே இல்லை. இன வடிகட்டி விஷயத்தில் என் வாடிக்கையாளர்களே இரண்டு கட்சி. ஒதுக்கப் பயன்பட்ட கருவி தொலைந்தது என்கிறார்கள் சிலர். என் ஆட்களைத் தேட இருந்த வழியும் போனது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

செல்ஃபி எடுத்துச் சரிபார்க்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். கறுப்புத் தோலை இந்த மென்பொருள்கள் தடுமாறிப் பார்ப்பது புதிதில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை 2018இல் சோதித்தபோது, கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளிர்நிற ஆண்களிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே நிராகரித்தால் மனம் நொந்துபோகாமல் நல்ல வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். சரிபார்ப்பு முத்திரை, படமும் முகமும் ஒன்று என்று மட்டுமே சொல்லும். அவர் கல்யாணமாகாதவரா, சிறைக்குப் போனவரா என்பதெல்லாம் அதில் தெரியாது. குற்றப் பின்னணியைப் பார்க்கிறோமா இல்லையா என்பதைத் தளங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நியூஜெர்சியில் 2008 முதல் சட்டமே இருக்கிறது. பாதுகாப்புப் பக்கத்தில் இதைப் படியுங்கள்.

மோசடி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2022இல் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடியில் 130 கோடி டாலர் இழந்ததாக, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் புகார் கொடுத்தார்கள். நான் கேட்கும் கதைகளின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்மவர், நம் சபைக்காரர் என்ற தோற்றத்தோடு நுழைவு. தினமும் காலையில் ஒரு பைபிள் வசனம். ஒரே வாரத்தில் வாட்ஸ்அப்புக்கு மாற்றம். வீடியோவில் வரமாட்டார், ஏனென்றால் ராணுவப் பணியில் வெளிநாட்டில் இருக்கிறார். பிறகு மகனுக்கு விபத்து, அல்லது விடுப்புக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது கிரிப்டோவில் சேர்ந்து முதலீடு செய்யலாம். ராணுவ வீரர் விடுப்பு வாங்கக் காதலி பணம் கட்டும் வழக்கம் அமெரிக்க ராணுவத்தில் கிடையாது. கிஃப்ட் கார்டு எண்ணைக் கேட்கிறவர் காதலர் இல்லை. ஒரு சின்ன வீடியோ அழைப்புக்கு இரண்டு முறை மறுத்தால் பேச்சை நிறுத்துங்கள்.

சந்தாவுக்கு வருவோம். "உங்களுக்கு ஒரு செய்தி காத்திருக்கிறது, படிக்கப் பணம் கட்டுங்கள்" என்ற மின்னஞ்சலைக் கண்டதும் கார்டை எடுக்காதீர்கள். மேலே சொன்ன ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019இல் மேட்ச் குரூப் மேல் வழக்குப் போட்டது. மோசடிக் கணக்கு என்று நிறுவனமே சந்தேகித்தவர்களின் செய்திகளைக் காட்டியும் சந்தா விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பிறர் எழுதுவதற்கு இணையத் தளங்களைப் பொறுப்பாக்காத சட்டத்தைக் காட்டி அந்தப் பகுதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரத்து செய்வதைச் சிக்கலாக்கியது உள்ளிட்ட மற்றவை 2025 ஆகஸ்டில் 1.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. ஆகவே இலவசமாகப் பார்த்த பிறகு ஒரு மாதச் சந்தா போதும்; ஆறு மாதம் மலிவு என்று இழுப்பார்கள். டெபிட் கார்டைத் தவிர்த்துக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் போன்ற மாநிலங்களில் மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். போனிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நிற்காது. அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு நாள் கடத்த வேண்டாம். அன்றே வங்கியையும் கிஃப்ட் கார்டு நிறுவனத்தையும் கூப்பிடுங்கள், இணையக் குற்றங்களுக்கென எஃப்பிஐ நடத்தும் ஐசி3 (IC3) தளத்தில் புகார் பதியுங்கள், உரையாடல்களை அழிக்காதீர்கள். சில வாரம் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று ஓர் அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலை மோசடிக்காரர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். அந்த அழைப்பையும் நம்பிவிடாதீர்கள்.