கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போனால் அது சூடு இல்லை

தசை சிதைந்து சிறுநீரகம் கெட்டு என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில், இந்தக் கோடையில் இவர் மூன்றாவது ஆள். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல் குவாரியில் புதிதாகச் சேர்ந்து இரண்டு நாள் வெயிலில் சம்மட்டி அடித்திருக்கிறார். தோளும் தொடையும் கட்டிப்போய், சிறுநீர் கடுங்காப்பியாகப் போயிருக்கிறது. "சூடுதான், இளநீர் குடி" என்றார்களாம். என்னிடம் வந்தது நான்கு நாள் கழித்து. தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் சிபிகே என்ற நொதியின் அளவு 200-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அவருக்குக் கல்லை வைத்தே சொன்னேன். வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கினால் பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கிறது, பிளந்த முகத்தில் பள்ளங்கள் இணையாக நிற்கின்றன. உங்கள் தசையிலும் கோடுகள் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் பாரடைசோ கிரானைட் கல்லைப் போலக் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும், கருப்பும் வெளுப்பும் சேர்ந்த ஒரு கட்டு ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர்தான். வரித்தசை என்ற பெயரே அதனால் வந்தது. பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக வருத்தினால் அந்த இழைகள் சிதைந்து, உள்ளே இருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சூடு, சூடு என்கிறீர்களே, தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் சாயங்காலத்துக்குள் வெளுக்கும். அது வேறு. இது பழுப்பு. கூடவே தசை வலிக்கும், வீங்கும், கை தூக்க முடியாது. இது இளநீருக்கு அடங்காது. தயவுசெய்து இந்த இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

லேப் நண்பர்களுக்கு ஒன்று: சிறுநீரில் நனைக்கும் ஸ்ட்ரிப்பில் இரத்தம் காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால் அது இந்த மையோகுளோபினாக இருக்கலாம், உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

இந்த நிலையில் வலி ஊசி, டைக்ளோஃபினாக் மாத்திரை எதுவும் கூடவே கூடாது. வலி குறையும், சிறுநீரகம் இன்னும் கெடும். முதல் நாளே ஜிம்மில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். காலில் கல் விழுந்து நெடுநேரம் அழுந்தியவர் மீண்டதும் நன்றாகப் பேசுவார், அவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 1940-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டிலிருந்து மீட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் பழுதாகி இறந்ததைத்தான் பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் 1941-இல் எழுதினார்கள்.

மேஸ்திரிகளே, புது ஆளுக்கு முதல் வாரம் பாதி வேலை கொடுங்கள், நிழலும் தண்ணீரும் கொடுங்கள். நிறம் மாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முடிந்தால் சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இவருக்கு இரண்டு முறை டயாலிசிஸ் ஆனது. நேற்றுதான் சிறுநீர் தெளிந்தது. சம்மட்டியை இப்போதைக்குத் தொடக் கூடாது என்று அவருடைய மேஸ்திரியிடம் நானே பேசியிருக்கிறேன்.