முதல் வேலை, முதல் சம்பளம்: ஆர்டரில் உள்ள தொகையும் கையில் வரும் தொகையும்

நிறுவனங்களுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் தொழில், ஆபீஸ் ராமநாதபுரத்தில். மே, ஜூன் வந்தால் முதல் வேலைக்கு ஆர்டர் வாங்கிய பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாக்களும் வருவார்கள். தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, சாயல்குடி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "சார், இது நல்ல சம்பளமா?" எந்த ஊரில் வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், தங்க இடம் யார் தருகிறார்கள், வீட்டில் கடன் எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்பேன், ஏனென்றால் இது எதுவும் தெரியாமல் ஒரு தொகையைப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லவே முடியாது.

முதலில் அந்தத் தொகையே என்னவென்று பார்ப்போம். "வருஷம் மூன்று லட்சம்" என்று ஆர்டரில் இருந்தால் வீட்டில் எல்லோரும் பன்னிரண்டால் வகுத்து மாதம் 25,000 என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கிற மொத்தப் பணம். அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம், 1,500 ரூபாய், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, அது அந்த 25,000-க்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக்கு, 600 போகும், நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருஷம் இருந்தால்தான் அது கைக்கு வரும். திறமையைப் பொறுத்துத் தருவதாகச் சொல்லும் தொகை என்று 2,500-ஐ ஒதுக்கியிருப்பார்கள். நிறுவனத்தின் இ.எஸ்.ஐ. பங்கையும் கழித்தால் மாதச் சம்பளம் 19,750 அளவில் நிற்கும். அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,500, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், தொழில் வரி எல்லாம் போனால் கையில் வருவது 18,000-க்குக் கொஞ்சம் குறைவு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் 25,000 வரும் என்று நம்பி நகைக்கடனை அடைக்கத் தேதி குறித்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சேருவதற்கு முன்பே "கையில் எவ்வளவு வரும்?" என்று ஹெச்.ஆரிடம் நேராகக் கேட்டு, மெயிலில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள்.

சரி, அந்த 18,000 சென்னையில் எப்படிப் போகிறது? இரண்டு மூன்று பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு 8,000 என்கிறார்கள் வருகிற பிள்ளைகள். பஸ், போன், சில்லறைச் செலவு 3,000. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் சேது எக்ஸ்பிரஸ் பிடித்து வந்துபோகும் மாதம் இன்னும் ஏறும். வீட்டுக்கு அனுப்ப ஐயாயிரம், ஆறாயிரம் மிஞ்சலாம். அதே பையன் வீட்டிலிருந்தே ராமநாதபுரம் வந்து 13,000-க்கு வேலை பார்த்தால், மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டால், அதைவிட அதிகமாகவே மிஞ்சும். அதற்காக ஊரிலேயே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு முன்னால் அதே வேலையில் சேர்ந்தவர்கள் இரண்டு, மூன்று வருஷம் கழித்து என்ன வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். அது ஏறியிருந்தால் இன்றைக்கு மிச்சம் குறைந்தாலும் சென்னைக்குப் போகலாம், அங்கேயே நிற்கிறது என்றால் அவ்வளவு தூரம் போய்க் கஷ்டப்பட வேண்டியதில்லை.

கடல் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. படகுக்குப் போகிற அண்ணன், நல்ல மீன்பாடு கிடைத்த ஒரே நாளில் கொண்டுவரும் பங்கு, தம்பியின் பத்து நாள் சம்பளமாக இருக்கும். "இதுக்கா படிச்ச?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். அண்ணனின் பங்கு டீசல், ஐஸ் செலவு எல்லாம் போக மிஞ்சியதில் வருவது. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்புறம் புயல் எச்சரிக்கை நாட்கள், படகைச் சிறைபிடித்தால் ஏற்படும் வேலைநிறுத்தம். ஆகவே வருஷக் கணக்கைத்தான் வருஷக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு நாள் மீன்பாட்டைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்துத் தம்பியை மட்டம் தட்டக் கூடாது.

மணி நேரத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. மாதம் 26 நாள், தினமும் 12 மணி நேரம் நின்று 18,000 வாங்கினால் ஒரு மணிக்கு 58 ரூபாய்கூட வரவில்லை. 8 மணி நேர வேலைக்கு 14,000 என்றால் 67 ரூபாய். தொழிற்சாலையில் சட்டம் சொன்ன நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்பது வெளியூர் மில்லுக்குப் போகிற நம் பெண்பிள்ளைகளில் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. சேரும்போதே அசல் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. நகல் மட்டும் கொடுங்கள்.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வளைகுடா வேலைதான் பேச்சு. அங்கேயும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அமீரகத்தில் வேலை முடிந்து வரும்போது தரும் பணத்தை, முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்றுதான் கணக்கிடுகிறார்கள், வாடகைப்படி போன்ற படிகள் அதில் சேராது. அடிப்படையைக் குறைத்துப் படியை ஏற்றிக் காட்டினால் கடைசியில் நஷ்டம் உங்களுக்குத்தான். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்டாலோ, விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ கிளம்பாதீர்கள். ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

என்னிடம் ஒரு அளவு கேட்டால், தங்குவது, சாப்பாடு, போக்குவரத்து, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக கையில் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு உங்களிடம் நின்றால், பி.எஃப். இருந்தால், முதல் வேலைக்கு அதை நல்ல சம்பளம் என்பேன். பி.எஃப். பிடிக்காமல் 1,500 கூடத் தருகிறேன் என்றால் சரி சொல்லிவிடாதீர்கள், நிறுவனம் தன் பங்காகப் போடும் பணம் அதோடு போய்விடுகிறது. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உள்ள இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான், அவர்களைச் சார்ந்து வாழும் அம்மா அப்பாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு.

சேர்ந்து இரண்டு மாதம் ஆனதும் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் அதில் ஏறவில்லை என்றால் முதலில் அலுவலகத்தில் கேளுங்கள், அடுத்த மாதமும் ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டைச் சேர்த்து பி.எஃப்.-ஐ நடத்தும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் தளத்திலேயே புகார் கொடுக்கலாம்.