பத்து மோதிரமா, பத்துக் காப்பா?

மார்வெலின் ‘ஷாங்-சி அண்ட் த லெஜண்ட் ஆஃப் த டென் ரிங்ஸ்’ படத்தைப் பற்றித் தமிழில் யார் வாய் திறந்தாலும் ‘பத்து மோதிரங்கள்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். படம் வந்தது 2021இல். ஷாங்-சியின் அப்பா வென்வூவாக வரும் டோனி லியுங்கின் கையை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தாலே போதும். அவருடைய ஆயுதம் விரலில் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே, கைக்கு ஐந்தாக, கனத்த உலோக வளையங்கள் கிடக்கின்றன. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ‘மோதிரம்’ என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ!

ரிங் என்பது பழைய ஆங்கிலச் சொல். வட்டமாக எது இருந்தாலும் அதற்குப் பொருந்தும். விரலில் கிடப்பதும் ரிங், சாவி கோக்கிற கம்பியும் ரிங், குத்துச்சண்டை மேடை சதுரமாகவே இருந்தாலும் அதுவும் ரிங்தான். மோதிரம் அப்படியல்ல. அதை முத்திரையோடு உறவுபடுத்திச் சொல்வார்கள். அது எப்படியானாலும், விரலை விட்டு நகராத சொல் அது. கால்விரலுக்குப் போனால் மெட்டி, மணிக்கட்டுக்கு வந்தால் வளையல், தோளுக்கு ஏறினால் வங்கி. உடம்பில் இடம் பார்த்துப் பெயர் வைக்கிற மொழியில் எழுதிக்கொண்டு இடத்தையே பார்க்காமல் விட்டால் என்ன செய்வது?

பிழைக்கு ஒரு பூர்விகம் உண்டு. மார்வெல் காமிக்ஸில் 1964இல் வந்த மாண்டரின் என்ற வில்லனுக்குப் பத்து விரலிலும் பத்து மோதிரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சக்தி. 1973இல் ஷாங்-சி அறிமுகமானபோது அந்த மோதிரங்களோடு அவனுக்குச் சம்பந்தமே இல்லை. அப்பா ஃபூ மாஞ்சு. சீனர்களைக் கேவலமாகக் காட்டும் அந்தப் பாத்திரத்தைப் படத்தில் தூக்கி எறிந்துவிட்டு, மாண்டரினின் பத்தை மட்டும் எடுத்து வேறொரு அப்பாவுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே விரலிலிருந்து கைக்கு ஏற்றிவிட்டார்கள். காமிக்ஸுக்கு மோதிரம் சரி. படத்துக்கு அதையே ஒட்டவைப்பது போன வருஷக் கணக்கை இந்த வருஷப் பேரேட்டில் எழுதுவது மாதிரி.

சீனத் தலைப்பைப் பார்த்தாலே விஷயம் தெளிந்துவிடும். அங்கே ‘ஷி ஹுவான்’ என்று போட்டிருக்கிறார்கள். ஷி என்றால் பத்து. ஹுவான் என்றால் வளையம். விரல் மோதிரத்துக்குச் சீனத்தில் ஜியெஜி என்று வேறு சொல் இருக்கிறது. அதில் ‘விரல்’ என்ற பொருளே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. குங்ஃபூ படங்களில் ஊறியவர்களுக்கு இதுகூடத் தேவையில்லை. தெற்குச் சீனத்து ஹுங் கார் மரபில் முன்கையில் இரும்பு வளையங்களை அடுக்கிக்கொண்டு பயிற்சி செய்வார்கள். கைக்குப் பளு, அடியைத் தடுக்கக் கவசம், இரண்டும் அதுவே. 2004இல் வந்த ‘குங்ஃபூ ஹஸில்’ படத்தின் தையல்காரர் கையில் வளையங்கள் குலுங்கக் குலுங்கச் சண்டை போடுவாரே, அதே சரக்கு. ‘மோதிரம்’ என்ற ஒரு சொல் இந்தப் பரம்பரை முழுவதையும் மறைத்துவிடுகிறது.

சரி, மாற்று என்ன? ‘வளையம்’ தப்பில்லை. ஆனால் அதில் உயிர் இல்லை, டயரும் வளையம்தான். ‘வளையல்’ என்றால் அரங்கமே சிரிக்கும். ‘தச வளையம்’ என்று யாராவது எழுதினால் அவரோடு நான் பேசப்போவதில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் ‘தொடி’ என்பார்கள். ‘பதின்தொடி’ என்று கேட்க மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆதாரமும் வலுவானது: புறநானூற்றில் ஆய் வள்ளல் ‘கழல்தொடி ஆஅய்’ என்றே வருகிறான், ஆணும் தொடி அணிந்த காலம் அது. பூண் பிடித்த ஊன்றுகோலைத் ‘தொடித்தலை விழுத்தண்டு’ என்று பாடி அதையே தன் பெயராகப் பெற்ற புலவரும் உண்டு. ஆகவே கைவளையத்துக்கும் இரும்புப் பூணுக்கும் ஒரே சொல். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று கேட்பார்கள். பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரையின் அடியில் ஒரு வரி இரண்டு நொடிதான் நிற்கும். அதற்குள் உரையாசிரியரைத் தேடிப்போக முடியுமா? தூய்மைக்காகத் தெளிவைக் காவு கொடுக்கும் இந்தப் பழக்கத்தால்தான் பாதிக் கலைச்சொற்கள் அகராதியை விட்டு வெளியே வராமல் கிடக்கின்றன. ‘கடகம்’ என்பார் வேறொருவர். அது சோதிடக்காரர்களிடம் போய் வெகுகாலம் ஆகிறது. ‘கங்கணம்’ என்றால் மஞ்சள் கயிறு நினைவுக்கு வரும்.

என் ஓட்டு ‘காப்பு’க்கு. இரும்புக் காப்பு, செம்புக் காப்பு என்று பையன்கள் இன்றும் கையில் மாட்டிக்கொள்கிறார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. காக்கும் பொருள் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. வென்வூவை ஆயிரம் வருஷம் மூப்பு தட்டாமல் காத்தவை அவைதானே! லீயை மணந்ததும் அவன் அவற்றைக் கழற்றி வைக்கிறான், அவள் இறந்ததும் எடுத்து மாட்டுகிறான். ‘காப்பைக் கழற்றினான்’, ‘காப்பு மாட்டினான்’ என்று எழுதிப் பாருங்கள், கதை தானாக நடக்கும். ஈழத்தில் பெண்களின் வளையலுக்கும் காப்பு என்றே பெயர் என்று தடை சொல்லலாம். ‘இரும்புக் காப்பு’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அங்கேயும் குழப்பம் வராது. ‘திருடனுக்குக் காப்பு’ என்று தலைப்புப் போடும் நாளிதழ்களுக்கு மட்டும் கொஞ்சம் பயப்படலாம். ஆக, கையில் கிடக்கும்வரை காப்பு. கழன்று பறக்கும்போது வேண்டுமானால் வளையம் என்று மாற்றிக்கொள்ளட்டும்.

இதே படத்தில் தா லோ ஊரின் ஏரிக்குள்ளிருந்து எழும் டிராகனைப் ‘பறவை நாகம்’ என்று எழுதுகிறவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. ஐரோப்பிய டிராகனுக்குச் சிறகு உண்டு. சீனத்து லுங் சிறகே இல்லாமல் வானத்தில் நீந்தும், நீரோடும் மழையோடும் சேர்ந்த தெய்வப்பிறவி அது. பறவை எங்கிருந்து வந்தது? ‘யாளி’ என்றால் கோயில் தூணில் நிற்கும் சிங்க உடம்பு கண்முன் வரும். இதற்கு நல்ல தமிழ் கிடைக்கிறவரை டிராகன் என்றே எழுதலாம், தீட்டு ஒன்றும் பட்டுவிடாது. காப்புக்கு அந்தச் சாக்கும் இல்லை. சொல் கையிலேயே இருக்கிறது.