சால்சா: உப்பில் பிறந்த சொல்லும் அதற்குரிய தமிழும்

சென்னை சூப்பர் மார்க்கெட்டுகளில் கெட்சப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும், தக்காளியும் மிளகாயும் சேர்ந்த மெக்சிகோ நாட்டுச் சால்சாவை ஒரு தனிப் பண்டத்தின் பெயர் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஸ்பானிய மொழியிலோ அது, தொட்டுக்கொள்ளவும் மேலே ஊற்றிக்கொள்ளவும் உதவும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இலத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. ‘சால்சா’ என்றால் உப்பிடப்பட்டது. ஆங்கிலத்தின் சாஸ், சாலட் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை.

1521இல் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் பேரரசின் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்வதற்கு முன்பே தக்காளியையும் மிளகாயையும் அரைத்து உண்டுவந்த அந்நாட்டு மக்கள், தங்கள் நாவாட்டில் மொழியில் அதனை ‘மொல்லி’ என்றனர். பெயர்தான் ஸ்பானியருடையது, பண்டம் அவர்களுடையதன்று. இன்றும் அங்கே அரைக்கப் பயன்படும் முக்காலிக் கல்லுரலின் பெயரான ‘மொல்கஹேத்தே’யிலும், அவகாடோவை மசிக்கும் ‘குவாக்கமோலே’யிலும் அந்தப் பழஞ்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லியைப் பச்சையாக நறுக்கிச் சேர்ப்பது ‘பீக்கோ தே கால்யோ’, அதாவது சேவலின் அலகு. பச்சை நிறச் சால்சாவுக்கு ஆதாரமான தொமத்தீயோ, நம் வேலியோரத்தில் சிறுவர்கள் நெற்றியில் அடித்து வெடிக்கும் சொடக்குத் தக்காளியின் இனம். நாம் நாள்தோறும் வாங்கும் தக்காளியைத்தான் பழைய அகராதி ‘சீமைத்தக்காளி’ என்கிறது.

பாட்டிலில் அடைப்பதற்காக வெப்பமூட்டும்போது கொத்தமல்லியின் பச்சை மணம் போய்விடுவதால், அந்த வெற்றிடத்தை வினிகரோ சிட்ரிக் அமிலமோ சர்க்கரையோ நிரப்புகிறது. ஆகையால் இரண்டு பாட்டில்களை ஒப்பிடுபவர் முதலில் சேர்மானப் பட்டியலைப் பார்க்க வேண்டும். எடை மிகுந்த பொருளே அதில் முன்னால் நிற்கும் என்பதால், வெங்காயத்துக்கு முன்பே சர்க்கரை வந்துவிட்டால் நாக்கில் படப்போவது என்னவென்று திறக்காமலேயே தெரிந்துவிடும். எண்ணெய் ஏறக்குறைய இல்லாத பண்டமாகையால் கலோரியில் பெரிய வேறுபாடு இராது. வேறுபாடு, பெயரிலேயே இருக்கும் உப்பில்தான். 100 கிராமுக்கு 700 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருந்தால், அதை 2.5ஆல் பெருக்க உப்பு 1.75 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைப்பதோ 5 கிராமுக்கும் குறைவு. ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று காட்டும் எண்ணை நம்பி ஒப்பிட வேண்டா, ஏனெனில் அந்த ஒரு பரிமாறலான இரண்டு மேசைக்கரண்டியோடு கையை எடுப்பவரை நான் இன்னும் பார்த்ததில்லை. போதாததற்கு, அதில் தொட்டுத் தின்னும் சோள வறுவலான நாச்சோவிலும் உப்பு உண்டு.

இனி இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சட்னி என்பது பலருக்கும் முதலில் தோன்றும்; ஆனால் அது இந்தியில் நக்குதலைக் குறிக்கும் ‘சாட்னா’விலிருந்து வந்த சொல். சுவைச்சாறு என்பது சாஸுக்காக ஆக்கப்பட்ட சொல், எவர் வீட்டு அடுக்களையிலும் புழங்குவதில்லை. தொக்கு எண்ணெயில் சுருள வதக்கப்படுவதால் அதுவும் பொருந்தாது. கல்லில் அரைத்த வகைக்குத் துவையல் மிகச் சரியான பெயர். புறநானூற்றின் ‘ஊன்துவை’ அளவுக்குப் பழைய வேரும் அதற்கு உண்டு. நறுக்கிய வகையைத் தயிரில்லாத பச்சடி எனலாம். இவை யாவும் உள்வகைப் பெயர்கள். ஸ்பானியச் சொல் பொதுப்பெயராக இருப்பதால், அதற்கு ஈடாக நிற்க வேண்டியதும் பொதுப்பெயரே. “இட்லிக்குத் தொட்டுக்க என்ன?” என்று இந்நகரில் காலைதோறும் கேட்கப்படும் கேள்விக்குள் அந்தப் பெயரின் வேர் இருக்கிறது, தென்மாவட்டங்களில் அது முழுச் சொல்லாகவே வழங்குகிறது: தொடுகறி. பாட்டிலின் மேல் சால்சாவோடு ஒட்டி வரும் ‘டிப்’ என்ற சொல்லையும் இது தன்னுள் அடக்கிவிடும். பச்சை நிறச் சால்சாவுக்கு மட்டும் நான் சொடக்குத் தக்காளித் துவையல் என்றே எழுதுவேன்.