பச்சை அடையாளம் வந்த பின்னும் பட்டியலைத் திறந்து பாருங்கள்

பூநகரியிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மா எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். “பிள்ளை, என்ர பேர் லிஸ்ற்றில இல்லையாம். பதிவுக்கு வந்தனான், கையெழுத்தும் வைச்சனான். என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ.”

அவர் சொன்னது உண்மை. அவர் கையெழுத்து வைத்த படிவம் எங்கள் அலுமாரியில் இருந்தது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த கோப்பிலும் பெயர் இருந்தது. அந்தக் கோப்பைத் துப்பரவாக்கி, இன்னொரு பட்டியலோடு இணைத்து, நான் அனுப்பிய இறுதிக் கோப்பில்தான் இல்லை. அதைத் தயாரித்த அன்று திரையில் பச்சை நிறத்தில் ‘முடிந்தது’ என்று வந்தது. நான் வேறு எதையும் திறந்து பார்க்காமல் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிட்டேன்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு வன்னிப் பக்கத்து அமைப்புகளுக்குத் தரவு துப்பரவாக்கிக் கொடுப்பது என் வேலை. காலபோக விதைப்பு விவரம், வாழ்வாதார உதவிப் பதிவு, வெள்ள சேத விவரம் என்று ஆண்டு முழுக்கப் பட்டியல்கள்தான். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது எத்தனை பேர் எத்தனை படிவங்களை நிரப்பினார்கள் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இப்போது இந்த வேலைக்குப் பல இளம் பிள்ளைகள் வருகிறார்கள். கருவிகளை வேகமாகப் பழகிவிடுகிறார்கள். ஆனால் வேலை ஓடி முடிந்த பிறகு வெளிவந்ததை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தரவு தயாரிக்கும் கருவிகள் பல உண்டு. எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ரிஃபைன், 2022இல் ஆல்ட்ரிக்ஸ் வாங்கிய ட்ரைஃபாக்டா போன்றவை. கூகுளின் டேட்டாபிரெப்பும் ட்ரைஃபாக்டா செய்து கொடுத்ததுதான். பவர் குவெரி, ட்ரைஃபாக்டா இரண்டிலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்று. இடைவெளியை எடு, எழுத்தை ஒழுங்காக்கு, இந்தப் பட்டியலை அந்தப் பட்டியலோடு இணை என்று படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறோம். பெரும்பாலும் ஒரு மாதிரிப் பகுதியைப் பார்த்துத்தான் அடுக்குகிறோம். பிறகு முழுக் கோப்பின்மீதும் ஓட்டுகிறோம்.

ஓட்டம் முடிந்ததும் வரும் பச்சை அடையாளம் ஒரேயொரு செய்தியைத்தான் சொல்கிறது: நீங்கள் சொன்ன படிகள் எல்லாவற்றையும் இயந்திரம் இடையில் நிற்காமல் செய்துவிட்டது. நீங்கள் சொன்ன படி சரியா, அந்தப் படியில் யாராவது விழுந்துபோனார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஓட்டம் தோல்வியடைந்தால் சிவப்பு வரும், நாமும் என்னவென்று பார்ப்போம். தோல்வியில்லாமல் பிழையாக முடியும் ஓட்டம்தான் ஆட்களைப் பட்டியலுக்கு வெளியே தள்ளுகிறது.

ஆகவே நான் முதலில் பார்ப்பது எண்ணிக்கை. எத்தனை வரி உள்ளே போனது, எத்தனை வரி வெளியே வந்தது? உதாரணத்துக்கு, 1,200 போய் 1,143 வந்தால் 57 வரிக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். இரட்டைப் பதிவு இத்தனை, வெற்று வரி இத்தனை, இணைப்பில் சேராதவை இத்தனை என்று பிரித்து எழுதுகிறேன். ‘ஏதோ இரட்டைப் பதிவாக இருக்கும்’ என்று விட்ட காலம் போய்விட்டது. எண்ணிக்கை கூடியிருந்தாலும் அதே கேள்விதான். 1,200 போய் 1,260 வந்தால், மற்றப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை இருக்கிறார் என்று அர்த்தம்.

பூநகரி அம்மா விழுந்தது இணைப்பில். இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருந்தது தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வருவது 12 எண். எங்கள் படிவத்தில் அவர் பழைய இலக்கத்தைக் கொடுத்திருந்தார். மற்றப் பட்டியலில் அதே இலக்கம் 12 எண்ணாக மாறியிருந்தது. இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் எடு என்று நான் சொல்லியிருந்தேன், அது எடுத்தது.

மாற்றும் முறை லேசானது. கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் சேர்த்தால் 12 எண் வந்துவிடும். இணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வந்த பின் இன்னொரு சோதனையும் செய்யலாம். பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று எண்களும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுகின்றன. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எனவே அந்த இடத்தில் 1 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரைதான் வர முடியும். 412 என்று வந்தால் யாரோ தட்டச்சில் பிழை விட்டிருக்கிறார். அந்த வரியை அழிக்காதீர்கள், படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

எக்செல் செய்யும் வேலை ஒன்றும் உண்டு. சாதாரணக் கலத்தில் 12 எண்ணை அடித்தால் அது சுருக்கி, 1.98534E+11 என்பது போன்ற அடுக்குக்குறி வடிவில் காட்டும். அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்புக்குள் போகும். மிச்ச எண்கள் போனது போனதுதான். தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியமும் இப்படித்தான் காணாமல் போகிறது. இந்த நிரல்களை (மேலிருந்து கீழாக வரும் கலங்களை) அடிக்கத் தொடங்கும் முன்பே எழுத்து வடிவம் என்று அமைத்துவிட வேண்டும்.

எண்ணிக்கைக்கு அடுத்தது, ஒவ்வொரு நிரலுக்கும் கருவி தரும் தர விவரம். எத்தனை சரியானவை, எத்தனை பொருந்தாதவை, எத்தனை வெறுமையானவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். ட்ரைஃபாக்டாவில் ஓட்டும்போதே அந்தத் தெரிவைக் குறித்துவிட்டால்தான் முடிவுப் பக்கத்தில் இது வரும். கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கும், பரவாயில்லை. பவர் குவெரியில் இது வழக்கமாக முதல் 1000 வரியை மட்டும்தான் பார்க்கிறது. கீழே இடது மூலையில் இருக்கும் அந்த வாசகத்தைச் சொடுக்கி முழுத் தரவுக்கும் என்று மாற்ற வேண்டும். நமது பட்டியல்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அடுக்கி வருபவை. முதல் ஆயிரமும் கரைச்சியாக இருக்கும். கண்டாவளை, பச்சிலைப்பள்ளி, பூநகரி எல்லாம் கீழே கிடக்கும். வேறு கை அடித்த, வேறு வகைப் பிழைகள் அங்கேதான் இருக்கும்.

‘சரியானவை’ என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். அந்த நிரலுக்குக் கருவி ஊகித்த வகையோடு பொருந்துகிறது என்பதுதான் அதன் முழு அர்த்தம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர் யூனிகோடுக்கு மாறாமல் வந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாக இருக்கும். கருவிக்கு அதுவும் எழுத்துத்தான், ஆகவே சரி. சி.எஸ்.வி. சேமிக்கும்போது தமிழ் எழுத்தைக் காக்கும் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தைத் தெரிவு செய்யாததால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறிகளாக மாறியிருந்தாலும், அதுவும் சரி. ‘கௌரி’ என்பதை ஒருவர் ஔகாரக் குறியோடும் இன்னொருவர் கொம்பும் ளகரமுமாக ‘கெளரி’ என்றும் அடித்தால் கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு பெயர். இரண்டும் சரி.

காணி விஸ்தீரணத்தில் நான் கண்டதை விளக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால் இது நம் ஊர்ப் பட்டியல்களுக்கே உரிய சிக்கல். நாம் காணியை ஏக்கர், றூட், பேர்ச் என்று எழுதுகிறோம். இரண்டு ஏக்கர் ஒரு றூட் இருபது பேர்ச் என்றால் 2-1-20. நான்கு றூட் ஒரு ஏக்கர், நாற்பது பேர்ச் ஒரு றூட் என்பதால் அது 2.375 ஏக்கர். இதைக் கணினியில் அப்படியே அடித்துப் பாருங்கள். நாள்-மாதம்-ஆண்டு என்ற அமைப்பில் இருக்கும் கணினியில் அது 2020 ஜனவரி 2ஆம் திகதி ஆகிவிடும். றூட் மாதமாகிறது, பேர்ச் ஆண்டாகிறது. ஆனால் 2-0-20 என்று றூட் பூச்சியமாக இருந்தால் பூச்சியமாம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே தப்பிவிடும்.

இப்போது தர விவரத்தைப் பாருங்கள். நிரலில் பெரும்பகுதி திகதி என்பதால் கருவி அதைத் திகதி நிரல் என்று ஊகிக்கிறது. திகதியாக மாறிப்போன கெட்ட வரிகளைச் ‘சரியானவை’ என்கிறது. உள்ளபடியே தப்பிய நல்ல வரிகளைப் ‘பொருந்தாதவை’ என்கிறது. பொருந்தாதவற்றை நீக்கு என்று ஒரு படி போட்டால், ஒழுங்காக இருந்த குடும்பங்கள் வெளியே போய், பிழையானவை உள்ளே நிற்கும். பச்சை அடையாளமும் வரும். அந்த நிரலை எண்ணாக மாற்றினால் 2-1-20 ஆனது 43832 ஆகிறது. ஒரு கமக்காரருக்கு 43,832 ஏக்கர். இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயல் முழுவதையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. இதனால்தான் எந்த எண் நிரலாக இருந்தாலும் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று பார்க்கச் சொல்கிறேன். அரை நிமிட வேலை. ஊர் தெரிந்த கண்ணுக்கு உடனே உறுத்தும். ஏக்கர், றூட், பேர்ச்சை மூன்று தனித்தனி நிரலாக அடிக்க வைப்பதே நல்ல தீர்வு. எங்கள் படிவத்தையே அப்படி மாற்றிவிட்டோம்.

அப்புறம் இடப் பெயர்கள். ஓப்பன்ரிஃபைனில் ஒத்த எழுத்துக்கூட்டல்களைக் குவியலாகச் சேர்த்துக் காட்டும் வசதி உண்டு. ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதப்படும் புதுக்குடியிருப்பை ஒன்றாக்க அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் எத்தனை எழுத்து மாறினாலும் ஒரே பெயராக எடுக்கலாம் என்ற அளவை இரண்டுக்குக் கூட்டினால் ஓர் ஆபத்து இருக்கிறது. மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார் மாவட்டம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் இடையில் மாறுவது இரண்டே எழுத்து. வவுனியா வடக்கும் வவுனியா தெற்கும் அப்படியே, இரண்டே எழுத்து. எல்லாவற்றையும் தெரிவு செய்து ஒன்றாக்கு என்று அமர்த்தினால் ஒரு மாவட்டத்து மக்கள் இன்னொரு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள். மொத்த எண்ணிக்கை மாறாது, வெறுமை கூடாது, தர விவரத்திலும் ஒன்றும் தெரியாது. பிரிவு வாரியாக முன்னும் பின்னும் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வெளியீடு எங்கே, எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய கோப்பின் கீழே சேர் என்று அமைத்திருந்து இரண்டு முறை ஓட்டினால் எல்லாரும் இரண்டு தடவை இருப்பார்கள். சில நேரம் வெளியீடு பல துண்டுக் கோப்புகளாக வரும். முதல் துண்டை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு நான் தவறாமல் செய்வது, சேராதவர்களைத் தனிக் கோப்பாக எடுப்பது. பவர் குவெரியில் இணைக்கும்போது, இடப்பக்கப் பட்டியலில் மட்டும் இருப்பவற்றை எடுக்கும் தெரிவு இருக்கிறது. அதைத் தாளில் அச்சிட்டு அந்தந்தக் கிராம அலுவலரிடம் கொண்டுபோகிறேன். அட்டை இலக்கம் போடுவதில்லை, பெயரும் ஊரும் போதும். ஆட்களின் இலக்கங்களைத் தாளில் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது.

போன தடவை கொண்டுபோனபோது கிராம அலுவலர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தார். “தங்கச்சி, இந்த ஐயா போன வருசம் மோசம் போயிட்டார். இந்தப் பிள்ளை கலியாணம் முடிச்சு மாங்குளத்துக்குப் போயிட்டுது.” விரல் அடுத்த பெயரில் நின்றது. “இவ இருக்கிறா. குளத்தடியில வீடு. பேரைத்தான் நீங்கள் பிழையா அடிச்சிருக்கிறியள்.” பேனாவை எடுத்து, பிழையான பெயருக்கு மேலே சரியான பெயரை அவரே எழுதித் தந்தார். அன்று பின்னேரம் அந்தத் திருத்தத்தோடு மறுபடி ஓட்டினேன். சேராதவர்கள் தாளில் இரண்டு பெயர் மிஞ்சியது, இரண்டுக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது.