நோட்டை மூடிவிட்டுச் சொல்லுங்கள்: முதல் செமஸ்டர் நர்சிங் பிள்ளைகளுக்கு

முதல் இன்டர்னல் மதிப்பெண்ணை ஒட்டிய வாரத்திலேயே இந்த வருடமும் ஒரு அப்பா டி.சி. கேட்டு வந்து நின்றார். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்றாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, கவுன்சிலிங்கில் சீட் வாங்கி வந்த பெண். உடலின் அமைப்பைச் சொல்லும் அனாடமி, அது இயங்கும் விதத்தைச் சொல்லும் ஃபிசியாலஜி இரண்டிலும் ஒற்றை இலக்க மார்க். "எம்பொண்ணுக்கு ஞாபகசக்தி பத்தலைங்க மேடம், வேற படிப்புல சேத்துடறேன்" என்கிறார். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வரி விடாமல் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மார்க்கர் போட்டிருந்தாள். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் படிக்கிறாளாம். ஹாஸ்டல் வார்டனும் ஆமாம் என்றார்.

எனக்கு அந்தப் பெண்மேல் கோபமே வரவில்லை. இதே வண்ண நோட்டையும் இதே "படிச்சேன் மேம், மறந்துடுது" என்ற பதிலையும் வருடா வருடம் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து வருடம் முன்னால் பக்கத்து பெஞ்ச் தோழி சொன்ன ஒரு வார்த்தையைக்கூட மறக்காமல் சண்டை போடுகிறீர்கள். நீங்கள் செய்வது படிப்பு என்று நினைப்பதுதான் கோளாறு. ஒரே பக்கத்தை நாலு முறை வாசித்தால் அது பழகிப்போகும். பழகியதை மனது தெரிந்ததாகக் கணக்கு வைத்துவிடும். டவுன் பஸ்ஸில் ஓடும் பாட்டோடு சேர்ந்து எல்லாரும் பாடிவிடுவோம். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடச் சொன்னால் இரண்டாவது வரியில் தடுமாறுவோம். பரீட்சை ஹாலில் ஸ்பீக்கர் கிடையாது. அங்கே உங்களிடம் இருப்பது வெள்ளைத் தாளும் "இதயத்தில் ரத்த ஓட்டத்தைப் படத்துடன் விவரி" என்ற ஒற்றை வரியும்தான்.

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் ஒரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு பாடப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, அதன்பின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியெழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு நினைவில் நின்றது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். அந்த ஐந்து நிமிடச் சந்தோஷத்தை நம்பித்தான் நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கப் போகிறீர்கள். தூக்கத்தில்தான் அன்று படித்தது மூளையில் நிலைக்கிறது என்று ஃபிசியாலஜியே சொல்கிறது. அந்தத் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

அப்போது எப்படிப் படிப்பது? இதயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு முறை கவனமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு பெட்டி போட்டு நாலாகப் பிரியுங்கள், அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அசுத்த ரத்தத்துக்கு நீலப் பென்சில், சுத்த ரத்தத்துக்குச் சிவப்பு. நீலத்தால் வீனா கேவாவில் ஆரம்பித்து வலது ஏட்ரியம், டிரைகஸ்பிட் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், பல்மனரி ஆர்ட்டரி, நுரையீரல் என்று போங்கள். சிவப்புக்கு மாறி பல்மனரி வெயின், இடது ஏட்ரியம், மைட்ரல் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டா என்று முடியுங்கள். போகும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே நின்றுவிட்டீர்களோ அந்த இடம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியாதது. புத்தகத்தைத் திறந்து அதை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மறுநாள் இன்னொரு முறை, அடுத்த வாரம் இன்னொரு முறை.

இப்படி வரைந்தால் பாதிப் பேர் பல்மனரி ஆர்ட்டரியில் சிவப்பைத் தீட்டுவார்கள். ஆர்ட்டரி என்றால் சுத்த ரத்தம், வெயின் என்றால் அசுத்த ரத்தம் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது அப்படியே கிடக்கிறது. இதயத்தைவிட்டு வெளியே போவது ஆர்ட்டரி, உள்ளே வருவது வெயின். இதைப் புரிந்துகொண்டவருக்குக் குழப்பமே வராது. மார்க்கர் போட்டு வாசித்தவருக்கு இந்தத் தப்பு தன்னிடம் இருப்பதே மார்க் வரும்வரை தெரியாது.

எலும்புகளுக்குப் புத்தகமே வேண்டாம். 206-ம் உங்களோடுதான் நடந்து வருகின்றன. தோளின் உச்சியில் கை வைத்தால் தட்டுப்படுவது அக்ரோமியன். அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழேதான் டெல்டாய்டு தசையில் ஊசி போடுவீர்கள். நெஞ்செலும்பின் அடி நுனி ஸைஃபாய்ட். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து ஸைஃபாய்ட் என்று அளந்துதான் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் ரைல்ஸ் டியூப் எவ்வளவு நீளம் உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிக்கிறோம். குளிக்கும்போது, ஷாம்பு போடும்போது, மெஸ் வரிசையில் நிற்கும்போது தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பாருங்கள். ரூம்மேட் சிரிப்பாள், சிரிக்கட்டும். அவளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எங்கே ஓட்டை என்று தெரியும்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் தனியாகப் பயப்படுகிறார்கள். பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்தான் இது. தமிழ்நாடு பாடநூலில் பதினோராம் வகுப்பு விலங்கியலில் சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு, ஹார்மோன் எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளைக்கு வகுப்பில் சிறுநீரகத்தின் நெஃப்ரான் என்றால் இன்று ராத்திரி அந்தப் பாடத்தைத் தமிழில் ஒரு முறை வாசித்துவிட்டு வாருங்கள். வகுப்பில் இங்கிலீஷ் பெயர்கள் மட்டும்தான் புதிதாக இருக்கும். இதைச் சொன்னால் "பிளஸ் ஒன் புக்கா மேம்?" என்று கேவலமாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நேரம் குறைவு என்பது மட்டும் நியாயமான புகார், ஒத்துக்கொள்கிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் அப்ளைடு அனாடமிக்கு 60 மணி நேரம், அப்ளைடு ஃபிசியாலஜிக்கு 60 மணி நேரம். முன்பு ஒரு வருடத்தில் பரவிக் கிடந்தது இப்போது ஒரே செமஸ்டருக்குள் வந்துவிட்டது. கவுன்சிலிங் தள்ளித் தள்ளிப் போய் அட்மிஷன் தாமதமானால் அதிலும் கொஞ்சம் போய்விடும். கடைசியாகச் சேர்கிறவர்கள் எலும்பு வகுப்பு முடிந்து தசைக்குள் வந்து விழுகிறார்கள். இதற்கு டியூட்டர்கள் நாங்களும் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களால் ஆனது, விட்டுப்போனதைச் சேர்ந்த வாரத்திலேயே வந்து கேட்பது. மாடல் எக்ஸாம் சமயத்தில் வந்து "ஆரம்பத்திலேர்ந்து சொல்லுங்க மேம்" என்றால் நான் என்ன செய்ய?

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். ஃபிசியாலஜி புரியவில்லை, அனாடமியை வைத்தே தேறிவிடலாம் என்று சீனியர்கள் யோசனை சொல்கிறார்கள். யுனிவர்சிட்டி தேர்வு ஒரே வினாத்தாள், 75 மதிப்பெண். அதில் அனாடமி 37, ஃபிசியாலஜி 38. அனாடமியில் ஒன்று விடாமல் வாங்கினாலும் 75-ல் பாதியைத் தொடாது. சீனியருக்கு அரியர் எத்தனை என்று முதலில் கேளுங்கள்.

"இதெல்லாம் டாக்டருக்குத்தானே மேம்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பிட்டத்தில் ஊசி போடும்போது ஏன் மேல்-வெளிப் பகுதி என்று ஷியாட்டிக் நரம்பின் பாதை தெரியாதவருக்கு விளங்காது. விளங்காதவர் அவசரத்தில் இடம் மாற்றிக் குத்துவார், நோயாளிக்குக் கால் இழுக்கும். சிறுநீரகம் நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டுகிறது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். அது நாளைக்கு 180 லிட்டர், அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே வருகிறது என்று கேட்டால் விழிக்கிறீர்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவரின் யூரோபேகில், அதாவது சிறுநீர்ப் பையில், மணிக்கு 30 மி.லி.கூட இறங்கவில்லை என்றால் அதை முதலில் பார்க்கப்போவது டாக்டரா, நைட் டூட்டி சிஸ்டரா?

ஞாபகசக்தி மாத்திரை, லேகியம் வாங்கி அனுப்பும் பெற்றோர்களே, அந்தக் காசுக்குப் பிள்ளைக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள். "முடியலைன்னா வந்துடு, மாப்பிள்ளை பாக்கறோம்" என்று ஃபோனில் சொல்லாதீர்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறீர்கள். ஹாஸ்டலில் அதைக் கேட்ட பெண் அதற்கப்புறம் தோற்றதை வீட்டுக்குச் சொல்லவே மாட்டாள். ஒரு இன்டர்னலில் குறைந்ததற்கு டி.சி. வாங்க வேண்டியதில்லை. அடுத்த இன்டர்னல் இருக்கிறது. யுனிவர்சிட்டியில் தவறினாலும் மறுபடி எழுதலாம்.

பிள்ளைகளே, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, இருக்கவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் படிப்பை ஓரமாக வையுங்கள். முதலில் யாரிடமாவது சொல்லுங்கள். மென்டரிடம், வார்டனிடம், என்னிடம், யாரானாலும் சரி. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 104 உதவி எண்ணுக்கோ மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-க்கோ கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். நாளைக்கு வார்டில் நோயாளிக்குச் சொல்லப்போகும் இந்த எண்களை இன்று உங்களுக்காகப் பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாலை நாலு மணிக்கு மேல் டிபார்ட்மென்ட்டில்தான் இருப்பேன். ஸ்கெலிட்டனும் மாடல்களும் பூட்டாமல் இருக்கும். சந்தேகம் கேட்க வரும்போது நோட்டு வேண்டாம், வெள்ளைத் தாளும் இரண்டு கலர் பென்சிலும் கொண்டு வாருங்கள்.