துவக்குக்குச் செய்த பட்டியோடு தேருக்குப் போனேன்

நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையோடு போக முடியாது. வேட்டியில் பொக்கற்றும் இல்லை. அப்போ போனை எங்கே வைப்பது? எங்கள் அப்புவுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. மடியில் ஒரு கொட்டைப்பெட்டி, அதற்குள் வெற்றிலையும் சில்லறையும், அவ்வளவுதான். இன்றைய போனை மடியில் செருகிப் பாருங்கள், நாலடி நடக்கும்போதே வேட்டியும் சேர்ந்து இறங்கத் தொடங்கும்.

போன வருடம் என்னிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மச்சான் ஒரு லாஸ்ரிக் பட்டியை விட்டுப் போயிருந்தான். கையகலம் இருக்கும். உள்ளே இரண்டு மூன்று பைகள், முனையில் கிர்ரென்று பிரிகிற வெல்குரோ. "இது போனுக்குச் செய்ததில்ல மச்சான், பிஸ்டல் செருகிற பட்டி. மலிவாக் கிடந்துது, காலமை ஓடேக்க கட்டுவம் எண்டு வாங்கினனான்" என்றான்.

அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துவக்கை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு நடமாடலாம். இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி, ஒரு வேட்டைத் துவக்கு வைத்திருக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே இந்தப் பட்டி தன் சொந்தத் தொழிலை யாழ்ப்பாணத்தில் பார்க்கப்போவதில்லை. ஆனால் அது நல்லதா கெட்டதா என்று அங்கே துவக்குக்காரர் பிடிக்கிற சண்டையைக் கிளறினால், உள்ளே இருப்பது முழுக்கப் பௌதிகவியல்.

முதலில் லாஸ்ரிக் ஏன் இழுக்கிறது என்று பார்ப்போம். கடையில் பார்சலுக்குப் போடுகிற இறப்பர் வளையம் ஒன்றை எடுங்கள். அதைச் சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். மெல்லிய சூடு தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்துத் தளரவிட்டு மறுபடி வைத்தால் குளிரும். 1805 இல் இதை எழுதிவைத்தவர் ஜோன் கோஃப் என்ற ஆங்கிலேயர். அவருக்குக் கண் பார்வை கிடையாது. உதட்டால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயத்தை அவர் முந்திக் கண்டதில் ஆச்சரியமில்லை.

இரும்புச் சுருளை இழுத்தால் அணுக்களுக்கிடையிலான பிணைப்பு வளைந்து நீள்கிறது. இறப்பரில் நடப்பது வேறு. அதன் மூலக்கூறுகள் தட்டில் கிடக்கிற இடியாப்பம் மாதிரி, நீள நீளமாக, சிக்கலாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அங்கங்கே கந்தகம் போட்டு முடிச்சிட்டிருப்பார்கள். இழுத்தால் இழைகள் நிமிர்கின்றன. ஓர் இழை நேராக நிற்க ஒரே ஒரு வழிதான், சுருண்டு கிடக்கக் கோடி வழி. வெப்பத்தால் ஓயாமல் துடிக்கிற இழை, விட்டால் அந்தக் கோடி வழிகளில் ஒன்றுக்குத்தான் திரும்பும். அந்தத் திரும்புதலைத்தான் நாம் இழுவை என்று கையில் உணர்கிறோம்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. துடிப்புத்தான் இழுக்கிறது என்றால், சூடு கூடக் கூட இறப்பர் இன்னும் பலமாக இழுக்க வேண்டும். உண்மையில் அப்படித்தான். 20 பாகையிலிருந்து 34 பாகைக்குப் போனால் இழுவை ஏறத்தாழ 5 சதவீதம் கூடும். அப்போ எங்கள் ஊர் வெயிலில் லாஸ்ரிக் இறுக அல்லவா வேண்டும், ஏன் தொளதொளத்துப் போகிறது?

ஏனென்றால் அது வேறு கணக்கு. நாள் முழுக்க இழுபட்ட நிலையில் நிற்கிற இழைகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு புது இடத்தில் அமர்ந்துவிடும். காலையில் கட்டியபோது இருந்த பிடி மத்தியானம் இருக்காது. அதோடு காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் இறப்பர் இழைகளை வெட்டும், எண்ணெய் அதை ஊதவைக்கும். சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்குப் போட்ட உடம்போடு இறப்பர் பட்டியைக் கட்டுவது அதற்குச் செய்கிற கொடுமை. 1958 இல் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் நூல் எண்ணெயை இறப்பரைவிட நன்றாகத் தாங்கும். இப்போதைய பட்டிகளில் பெரும்பாலும் அதுதான். ஆனால் வெளுக்கிற குளோரின் தண்ணீரில் ஊறப்போட்டால் அதுவும் தேறாது.

சரி, இடுப்புக்கு வருவோம். பட்டி உடம்பை எவ்வளவு அழுத்தும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இழுவையைப் பட்டியின் அகலத்தாலும் உடம்பின் வளைவு ஆரையாலும் பிரித்தால் போதும். ஒரு கிலோ பாரத்துக்குச் சமமான இழுவை, 10 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆரை என்று வைத்தால், பிரஷர் பார்க்கிற மெஷினின் கணக்கில் வெறும் 5. அதே இழுவையை அரைச் சென்ரிமீற்றர்ப் பாவாடை நாடாவால் கொடுத்தால் அது 100 ஆகிவிடும். வீட்டில் சேலை கட்டுபவர்களின் இடுப்பில் தழும்பு ஏன் என்று இனிக் கேட்க வேண்டாம்.

துவக்குக்காரர் இந்தப் பட்டியை மெச்சுவதும் இதனால்தான். குண்டுகள் போட்ட கைத்துவக்கு சிறியதென்றாலும் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டும். சாதாரண உறை என்றால் அதைத் தாங்க விறைப்பான இடைவார் வேண்டும், இடைவாருக்குக் காற்சட்டை வேண்டும். அகலப் பட்டிக்கு எதுவும் வேண்டாம். பாரத்தை இடுப்பைச் சுற்றிப் பகிர்ந்துவிடுகிறது. ஓடுகிற அரைக் காற்சட்டையோ கவுணோ, எதற்குள்ளும் கட்டலாம். சாரத்துக்கும் பொருந்தும் என்பது என் சேர்க்கை. உட்காரும்போது இடுப்பின் சுற்றளவு கூடுகிறது, எழும்பினால் குறைகிறது. தோற்பட்டி அதற்கு இடம் கொடாது, லாஸ்ரிக் கூடவே நீண்டு சுருங்கும். விலையும் குறைவு.

இனி என் தேர்க்கதை. திருவிழாவின் இருபத்துநாலாம் நாள், காலை, வீதியெல்லாம் சனம். வடத்தில் கையை வைத்துவிட்டேன். முன்னுக்கு நின்றவரின் முதுகும் பின்னுக்கு நின்றவரின் முழங்கையும் மாறி மாறி என் இடுப்பில். பட்டி அசையவில்லை, போனும் விழவில்லை. ஆனால் பைக்குள்ளிருந்து யாரோ கதைக்கிற சத்தம். எடுத்துப் பார்த்தால், பக்கத்துப் பொத்தான் அடுத்தடுத்து அமுங்கியதில் போன் தானாக அவசர அழைப்புக்குப் போய்விட்டிருக்கிறது. மறுமுனையில் ஒரு பொலிஸ்காரர். அரோகராச் சத்தத்துக்கு நடுவில் அவருக்கு நான் என்ன விளங்கப்படுத்துவது?

எனக்கு நேர்ந்தது வெட்கக்கேடு மட்டும். இதே இடத்தில் பிஸ்டல் இருந்திருந்தால்? இந்தப் பட்டியின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. பல புதுப் பிஸ்டல்களில் தனியாகப் பூட்டு விசை கிடையாது. ட்ரிகரை முழுதாகப் பின்னுக்கு அழுத்தினால் வெடிக்கும். அதற்கு இரண்டரைக் கிலோ அளவு அழுத்தம் போதும். துணி அந்த ட்ரிகரைக் கண்ணுக்கு மறைக்கிறதே தவிர, வெளியிலிருந்து வருகிற அழுத்தத்தைத் தடுப்பதில்லை. விரலோ மேசை மூலையோ அழுத்தினால் அப்படியே உள்ளே கடத்திவிடும்.

திரும்ப வைப்பதும் ஆபத்து. துவக்கை உருவியதும் பையின் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். ஒரு கையால் வாயை விரித்து மறு கையால் செருகும்போது குழல் தன் விரலையோ வயிற்றையோ பார்த்து நிற்கும், சட்டை விளிம்பு ட்ரிகருக்குள் நுழையவும் கூடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் பட்டியைக் கழற்றித் துவக்கைச் செருகிவிட்டுத்தான் மறுபடி கட்டுவார்கள். உருவும்போதும் இலேசில்லை, லாஸ்ரிக் துவக்கோடு சேர்ந்து மேலே எழும்பும். போதாததற்கு வியர்வை. தோல் இலேசாக ஈரமானால் பிடிப்புக் கூடுகிறது, நனைந்து ஒழுகினால் வழுக்குகிறது. உப்புத் தண்ணீர் இரும்புக்கு என்ன செய்யும் என்று கடற்கரை ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்துவைப்பது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை. லாஸ்ரிக்குக்கு முதலாவது நன்றாகத் தெரியும், இரண்டாவது தெரியவே தெரியாது. எங்கள் கள்ளுச் சீவுகிற தொழிலாளர்கள் இதைப் பிரித்தே வைத்திருந்தார்கள். சவரக்கத்தி போலக் கூரான பாளைக்கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பனை ஏறுகிறவர் அதைத் துணியில் சுற்றிச் செருகமாட்டார். அதற்கு இயனக்கூடு என்று விறைப்பான கூடு, அதைக் கட்ட வேறாக ஒரு கயிறு. இப்போது அமெரிக்காவில் ட்ரிகரை மூடுகிற கெட்டிப் பிளாஸ்ரிக் கூட்டை லாஸ்ரிக் பட்டியில் பொருத்தி விற்கிறார்கள்.

நானும் ஐஸ்கிரீம் பெட்டி மூடி ஒன்றைப் போனின் அளவுக்கு வெட்டி, பொத்தான் பக்கம் மடித்துப் பைக்குள் வைத்துப் பார்த்தேன். பொத்தான் அமுங்கவில்லை. ஆனால் குனிந்தால் மூடியின் விளிம்பு விலாவுக்குக் கீழே குத்துகிறது. ஆரை சிறுத்தால் அழுத்தம் கூடும், அதே கணக்குத்தான். விளிம்பை மெழுகுதிரியில் காட்டி வளைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது.